செடியின் பெயர் வேளைக்கு ஆன கதை

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்த பெருநகரம் பார்சலோனா. அங்கே ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி கடந்ததும் ஒருவர் தம் நண்பரைத் தெருவிற் கண்டால், "வெர்முத் செய்வோமா?" என்று கேட்பது வழக்கம். அந்நகரில் வழங்கும் கட்டலான் மொழியில் அத்தொடர் 'ஃபேர் எல் வெர்முத்' என ஒலிக்கும். 'ஃபேர்' என்பதற்குச் செய்தல், ஆக்குதல் என்பன பொருள். அகராதியைப் புரட்டிப் பார்க்கும் வெளியூரார், வெர்முத் என்பது ஒருவகை மது எனக் காண்பார். கண்டதும், அழைத்தவர் மது காய்ச்ச அழைக்கின்றாரோ என்று மருள்வார். அழைத்தவர் மது காய்ச்சுபவர் அல்லர். போன இடத்தில் அவர் மதுவைத் தொடாமல் திராட்சைச் சாறு மட்டும் பருகி எழுந்து வருவதும் உண்டு. ஆயினும் அவர் அன்று 'வெர்முத் செய்தவர்' என்றே கருதப்படுவார்.

மதுவின் பெயரைச் சொல்லி அழைத்து, மதுவே இல்லாமல் அச்செயலை நிறைவேற்றுவது எவ்வாறு பொருந்தும்? இதற்கு விடை காணத் தமிழாசிரியர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்தும் ஆகுபெயர்ப் பாடமே போதும்.

ஒரு பொருளின் பெயர், அதனோடு தொடர்புடைய பிறிதொரு பொருளுக்குத் தொன்றுதொட்டு ஆகி வருவதை ஆகுபெயர் என்று நன்னூல் வகுத்துரைக்கின்றது. அப்படி ஆகி வந்த பெயர் அங்கேயே நின்றுவிடாமல் மேலும் ஒரு பொருளுக்குத் தாவுவதும் உண்டு. 'கார்' என்னும் சொல் அதற்குத் தக்க சான்று. கருமை நிறத்தின் பெயர் முதலில் மேகத்துக்கு ஆயிற்று. மேகத்தின் பெயர் மழை பெய்யும் பருவத்துக்கு ஆயிற்று. பருவத்தின் பெயர் அப்பருவத்தில் விளையும் நெல்லுக்கும் ஆயிற்று. இதனை மும்மடியாகுபெயர் என்பர். கார் அறுவடை என்னும்போது கதிரில் கருமையைத் தேடுவார் எவருமிலர்.

வெர்முத் என்ற சொல்லும் இவ்வாறு படியேறிய சொல்லே. அது முதலில் ஒரு செடியின் பெயர். பின்னர் அச்செடி ஊறிய மதுவின் பெயர். முடிவில் அம்மதுவை அருந்தும் வேளையின் பெயர், அவ்வேளையில் கூடியிருத்தலின் பெயர். நம் முறைப்படி இதனை இருமடியாகுபெயர் எனலாம். இம்மூன்று நிலைகளையும் ஒவ்வொன்றாக நோக்கினால், ஒரு நகரம் தன் பகலுணவுக்கு முன்னுள்ள ஒன்றிரண்டு மணி நேரத்தை எவ்வாறு ஓர் இன்பமாக்கிக்கொண்டது என்பதும், அந்த இன்பத்துக்கு இன்று நேர்ந்துள்ள இடரும் விளங்கும்.

செடி

ஜெர்மானிய மொழியில் 'வேர்மூட்' என்பது கைப்புச் செடி ஒன்றின் பெயர். தாவர நூலார் அதனை ஆர்ட்டெமீசியா அப்சிந்தியம் என்பர். சாம்பல் பூத்தாற்போன்ற பச்சை இலைகளும் சிறு மஞ்சட்பூக்களும் உடையது. ஐரோப்பாவின் வறண்ட நிலங்களிலும் வழியோரங்களிலும் தானாக வளர்வது. அதன் இலையிலுள்ள அப்சிந்தின் என்னும் பொருள், மிகுதியான நீரில் சிறிதளவே கரைந்திருந்தாலும் நாவிற் கைக்கும். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் இச்செடியின் பெயர் வருமிடத்தில் 'எட்டி' என்ற சொல்லை இட்டனர். எட்டி வேறு மரம். எனினும் தமிழர் நாவுக்குத் தெரிந்த கைப்பில் அதனினும் மிக்கது வேறில்லை என்று அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும்.

இச்செடியின் இனம் தமிழருக்கு முற்றிலும் அயலானதும் அன்று. மாலையிலும் கதம்பத்திலும் வைத்துத் தொடுக்கும் மரிக்கொழுந்து, ஆர்ட்டெமீசியா இனத்தைச் சேர்ந்ததே. மரிக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்தவர், வெர்முத்தின் மணத்தில் ஒரு பகுதியை முன்னரே அறிந்தவர் ஆவார்.

கைப்புச் செடியை மதுவில் ஊறவைத்து மருந்தாகக் கொள்ளும் முறை ஐரோப்பாவில் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீசும், அதே நூற்றாண்டின் உரோம அறிஞர் பிளினியும் இத்தகைய மதுவைத் தம் நூல்களிற் குறித்துள்ளனர். வயிற்றுக்கு நலம் என்பதே அக்காலத்தார் கண்ட பயன். கைப்பு நாவிற் பட்டதும் வாயில் நீர் ஊறும். பசி எழும் என்று மக்கள் நம்பினர். உணவுக்கு முன் அருந்துவதை இத்தாலியரும் ஸ்பானியரும் 'அப்பெரித்தீவோ' என்பர். 'திறத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பசியின் கதவைத் திறப்பது என்று அதனை விரிக்கலாம்.

மது

மருந்தாக இருந்தது சுவைப் பொருளாக மாறியது இத்தாலியின் வடக்கேயுள்ள தூரின் நகரத்தில். அங்கே 1786 ஆம் ஆண்டில் அந்தோனியோ பெனதெத்தோ கர்ப்பானோ என்பவர், இனிப்பும் கைப்பும் கலந்த மணமதுவை விற்கத் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. செடியின் ஜெர்மானியப் பெயரே பிரெஞ்சு நாவில் 'வெர்முத்' எனத் திரிந்து, அந்த மதுவுக்குப் பெயராயிற்று. ஆகுபெயரின் முதற்படி அங்கே நிறைவேறியது.

வெர்முத் செய்யும் முறையை அறிந்தால்தான் அதன் சுவை விளங்கும். அடிப்படைப் பொருள் திராட்சை மது. பெரும்பாலும் அது தனக்கென மிகுந்த மணமில்லாத வெள்ளை மது. செடி, வேர், பட்டை, பழத்தோல், விதை ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாற்றை இறக்கி, அதனை மதுவோடு கலந்து, சர்க்கரை சேர்த்துச் சிறிது காலம் ஆறவிடுவர். சிவப்பு வெர்முத் என விற்கப்படுவதும் பெரும்பாலும் வெள்ளை மதுவிலிருந்து ஆக்கப்பட்டதே. கருக்கிய சர்க்கரைப் பாகு அதற்கு அந்தச் செம்பழுப்பு நிறத்தைத் தருகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி இத்தகைய மணமதுவில் நான்கில் மூன்று பங்கேனும் திராட்சை மதுவாக இருத்தல் வேண்டும். சாராயச் சத்து நூற்றுக்கு 14.5க்குக் குறையாமலும் 22ஐ எட்டாமலும் நிற்றல் வேண்டும். வெர்முத் என்னும் பெயர் பெறவேண்டுமாயின் ஆர்ட்டெமீசியா இனச் செடி அதில் கட்டாயம் சேர்தல் வேண்டும். பெயரளித்த செடியைப் பிரிந்து அப்பெயர் விற்பனையாகக் கூடாது என்று சட்டமே காத்து நிற்கின்றது.

கைப்புச் செடியோடு சேரும் பிற பொருள்களை ஒவ்வொரு உற்பத்தியாளரும் மறைபொருளாக வைத்துக்கொள்வர். எனினும் ஆரஞ்சுத் தோலும், கொத்தமல்லி விதையும், இலவங்கப்பட்டையும், கிராம்பும், ஏலமும், சாதிக்காயும் பொதுவாக அதில் இடம்பெறுவன. இவற்றுட் பல ஐரோப்பிய மண்ணில் விளைவன அல்ல. இலவங்கப்பட்டை இலங்கையையும், ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையையும், கிராம்பும் சாதிக்காயும் மலாயாவுக்குக் கிழக்கேயுள்ள மலுக்குத் தீவுகளையும் தாயகமாகக் கொண்டவை. பார்சலோனாவின் ஞாயிற்றுக்கிழமைக் குவளையில் கீழ்த்திசைக் கடல்வழிகளின் வரலாறும் சிறிது கரைந்துள்ளது.

தூரினிலிருந்து இக்கலை மேற்கே பரவியபோது, அதனை விரைந்து பற்றிக்கொண்ட ஊர் ரெயுஸ். பார்சலோனாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரம் அது. கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி 1852 இல் பிறந்தது அவ்வட்டாரத்திலேயே. 18 ஆம் நூற்றாண்டில் ரெயுஸ் வணிகர் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த சாராயத்தை வட ஐரோப்பாவுக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். சாராயத்தின் விலையை உலகில் மூன்று ஊர்களே நிறுவுகின்றன என்னும் பெருமிதத்தோடு 'ரெயுஸ், பாரிஸ், லண்டன்' என்ற தொடர் அங்கே வழங்கலாயிற்று. மதுவும் சாராயமும் வாணிகத் திறனும் ஓரிடத்தில் இருந்தமையால், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரெயுஸ் வெர்முத்தின் ஊராக மாறியது வியப்பன்று. 1884 இல் தொடங்கப்பெற்ற இஸாகிர்ரே நிறுவனத்தின் வெர்முத் இன்றும் கடைகளிற் கிடைக்கின்றது. வெர்முத்துக்கென ஓர் அருங்காட்சியகமும் இப்போது அவ்வூரில் உண்டு.

கடை

பார்சலோனாவில் வெர்முத் முதலில் நாகரிகச் சின்னமாகவே நுழைந்தது. 1902 ஆம் ஆண்டில், நகரின் அழகிய பெருவீதியாகிய பசேய்க் தெ கிராசியாவில் 'தொரினோ' என்னும் விடுதி திறக்கப்பட்டது. மார்த்தினி இ ரோஸ்ஸி என்னும் இத்தாலிய வெர்முத் நிறுவனத்தின் முகவரான ஃபிளாமினியோ மெசலாமா அதனை நிறுவினார். கௌதியும் அக்காலத்துச் சிறந்த கலைஞர் பிறரும் அதன் ஒப்பனையிற் பங்கு கொண்டனர். நகராட்சியின் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆனால் பத்தாண்டு நிறைவதற்குள், 1911 இல், அது மூடப்பட்டது. பெருவீதியின் பளிங்கு மண்டபம் மறைந்தது. அது பரப்பிய வழக்கம் மறையவில்லை. தொழிலாளரும் சிறு வணிகரும் வாழ்ந்த வட்டாரங்களின் 'போதேகா'க்களில் அது குடிபுகுந்தது.

போதேகா என்பதற்கு மதுக்கிடங்கு என்று பொருள். சுவரோரம் மரப்பீப்பாய்கள் வரிசையாக இருக்கும். அக்கம்பக்கத்தார் வீட்டிலிருந்து காலிப் புட்டி கொண்டுவந்து, பீப்பாயிலிருந்து வேண்டிய அளவு மது நிரப்பிப் போவர். காத்திருக்கும்போது நின்றபடியே ஒரு குவளை அருந்துவதும், கடைக்காரர் ஒரு தட்டு ஒலிவக்காய் எடுத்து வைப்பதும், பக்கத்து வீட்டார் வந்து சேர்வதும் இயல்பாக நிகழ்ந்தன. கிராசியா, சான்ஸ், போப்ளே செக், மீனவர் குடியிருப்பாகத் தோன்றிய பார்சலோனெத்தா ஆகிய வட்டாரங்களில் இத்தகைய கடைகள் மிகுதி. கிராசியாவும் சான்ஸும் 1897 வரையில் தனி ஊர்களாக இருந்தவை. இன்றும் அங்குள்ளார் தம் வட்டாரத்தை ஊர் என்றே நினைப்பர். போப்ளே செக்கில் 1914 இல் தோன்றிய 'கிமெத் இ கிமெத்' என்னும் சிறு கடை, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தார் கையில் இன்றும் நடைபெறுகின்றது. அங்கே நாற்காலி இல்லை. கூரை வரை அடுக்கிய புட்டிகளுக்கிடையே நின்றுகொண்டே அருந்த வேண்டும்.

வேளை

இனி, சொல்லின் இறுதிப் படியாகிய வேளையைக் காண்போம். பழைய முறைப்படி ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தார் கோயில் வழிபாட்டுக்குச் செல்வர். அது முடிந்து வெளிவந்ததும் இனிப்புக் கடையில் 'தோர்த்தெல்' என்னும் வளைய வடிவப் பணியாரம் வாங்குவர். பகலுணவு இரண்டு மணிக்கு மேலேதான். இடைப்பட்ட நேரத்தில், பணியாரப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டே, தெரிந்த கடையொன்றில் நின்று வெர்முத் அருந்துவர். பாட்டனார், பாட்டியார், பிள்ளைகள் எல்லோரும் உடனிருப்பர்.

மேசைக்கு வருவன எளியவை. அகன்ற குவளையில் பனிக்கட்டி; அதன்மேல் சிவப்பு வெர்முத்; ஆரஞ்சுத் துண்டு ஒன்று; ஒலிவக்காய் ஒன்று. கடுமையைத் தணிக்க விரும்புவார்க்கெனப் பக்கத்தில் ஒரு சோடா நீர்ப்புட்டி இருக்கும். தடித்த கண்ணாடியால் ஆன அப்புட்டியின் பிடியை அழுத்தினால் நீர் சீறிப் பாயும். பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. முதலில் இனிப்பு நாவிற் படும். பின்னர் ஆரஞ்சும் பட்டையும் மணக்கும். விழுங்கிய பிறகே கைப்பு மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும். அந்தக் கைப்பே அடுத்து ஏதேனும் உண்ணத் தூண்டுகின்றது.

உண்பதற்கு வருவன உப்பும் புளிப்பும் உடையவை. லெஸ்காலா என்னும் கடற்கரை ஊரில் உப்பிட்டுப் பதப்படுத்திய நெத்திலி, காடியில் ஊறிய நெத்திலி, நெத்திலி அடைத்த ஒலிவக்காய், உருளைக்கிழங்கு வறுவல், தகரக் குப்பியில் அடைத்த சிப்பிகள் ஆகியன முதன்மையானவை. இவற்றின்மேல் காடியும் செம்மிளகாய்த் தூளும் கலந்த சாறு ஒன்றைத் தெளிப்பர். தகரக் குப்பி உணவு என்றால் வேறு வழியில்லாதபோது உண்பது என்று பிற நாட்டார் கருதலாம். ஸ்பெயினில் அவ்வாறன்று. வடமேற்கேயுள்ள கலீசியாவின் கடற்கழிகளில் எடுத்த சிப்பிகளைப் பதமாக அடைத்த குப்பி, புதிய மீனினும் விலை மிக்கதாக இருப்பதுண்டு. கடைக்காரர் அதனை வாடிக்கையாளர் கண்முன் திறந்து தட்டில் அடுக்குவது ஓர் உபசாரமாகவே கொள்ளப்படும்.

பகலுணவு இத்துணைத் தாழ்த்து நிகழ்வதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். நிலவுலகப் படத்தில் பார்சலோனா லண்டனுக்கு ஏறத்தாழ நேர் தெற்கே உள்ளது. 1901 முதல் ஸ்பெயின் லண்டனுக்குரிய நேரத்தையே கொண்டிருந்தது. 1940 மார்ச்சில் பிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி நடு ஐரோப்பிய நேரத்தை மேற்கொண்டது. அது இன்றளவும் மாற்றப்படவில்லை. ஆகையால் பார்சலோனாவில் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் குளிர்காலத்தில் ஒன்றை நெருங்கியிருக்கும். கோடையில் இரண்டை நெருங்கியிருக்கும். கடிகாரத்தில் இரண்டு மணிக்கு உண்பவர், கதிரவனின் கணக்குப்படி நண்பகலை ஒட்டியே உண்கின்றார். வெர்முத் வேளையும் கதிரவன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும் வேளையே.

எல்லை

குடி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகரின் முகம் சுளிப்பது இயல்பே. குடியால் கூலியையும் குடும்பத்தையும் இழந்தவர்களை ஆசிரியர்கள் நேரிற் கண்டிருக்கின்றனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தியிருக்கின்றனர். வெர்முத்தும் சாராயச் சத்துடைய மதுவே. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று கூற இயலாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. பழைய மருத்துவர் வயிற்றுக்கு நலம் என்று கூறியதை இன்று மருந்துரையாகக் கொள்ளுதல் ஆகாது.

எனினும் இவ்வழக்கத்தில் கருதத்தக்க ஓர் இயல்பு உண்டு. அதன் நான்கு பக்கமும் வேலி உள்ளது. காலம் ஒரு வேலி: உணவு வேளை வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அளவு ஒரு வேலி: ஒன்று, மிஞ்சினால் இரண்டு குவளை. உணவு ஒரு வேலி: வெறும் வயிற்றில் அருந்துவதில்லை. உறவு ஒரு வேலி: மனைவியும் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் காண அருந்துவதால் எவரும் நிலை தடுமாற விரும்பார். இவ்வேலிகளை எந்த அரசும் சட்டமாக எழுதவில்லை. இரவில், தனிமையில், துயரை மறக்கக் குடிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, புட்டியிலுள்ள பொருளால் வந்ததன்று. சூழ்ந்துள்ள வேலியால் வந்தது.

தொடக்கத்தில் கூறிய புதிரும் இங்கே அவிழ்கின்றது. அருந்தாதவர் திராட்சைச் சாறோ சோடாவோ பருகலாம். பிள்ளைகளுக்கு வறுவலும் ஒலிவக்காயும் போதும். அவர்களும் 'வெர்முத் செய்தவர்களே'. கார் அறுப்பவன் கருமையை அறுக்காதவாறு போல, வெர்முத் செய்பவரும் வெர்முத்தை அருந்தவேண்டும் என்பதில்லை. சொல் மதுவைக் கடந்து வேளைக்கு ஆகிவிட்டது.

தளர்ச்சியும் மீட்சியும்

இவ்வழக்கம் இடையறாது செழித்தது என்று எண்ணுதல் கூடாது. 1936 இல் மூண்ட உள்நாட்டுப் போரில் பார்சலோனா 1939 ஜனவரி 26 ஆம் நாள் பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. பின்னர்ப் பஞ்ச காலம். உணவுப் பங்கீடு 1952 வரையில் நீடித்தது. கட்டலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விலக்கப்பட்டது. 1975 இல் பிராங்கோ இறக்கும் வரையில், அம்மொழியில் எழுதப் படிக்கப் பள்ளியிற் கற்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. வீட்டிலும் தெருவிலும் வாய்மொழியாகவே அது உயிர்வாழ்ந்தது. 'ஃபேர் எல் வெர்முத்' போன்ற அன்றாடத் தொடர்களை இளையோர்க்குக் கற்பித்தது பாடநூல் அன்று, ஞாயிற்றுக்கிழமைகளே கற்பித்தன.

நாடு செல்வம் பெற்ற பிறகு வேறொரு தளர்ச்சி வந்தது. இளைஞர் பீரையும் பிற குடிவகைகளையும் நாடினர். வார இறுதியில் மகிழுந்தேறி வெளியூர் சென்றனர். வெர்முத் தாத்தாமார் அருந்துவது என்று நகைக்கப்பட்டது. பீப்பாய்க் கடைகள் பல, உரிமையாளர் ஓய்வுபெற்றதும் கதவடைத்தன.

2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலை மாறியது. இளையோர் சிலர் பழைய கடைகளை மீண்டும் நாடினர்; வெர்முத்துக்கென்றே புதிய கடைகளும் தோன்றின. 2008 இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில், செலவு மிகாமல் நண்பர் கூட ஏற்ற வழியாக இது அமைந்தது என்பர். பாட்டனார் செய்ததைப் பேரர் செய்யத் தொடங்கினர். இடைத்தலைமுறை அதனை வியந்து பார்த்தது.

இன்றைய இடர்

மீட்சி பெற்ற வழக்கத்துக்கு இப்போது வந்துள்ள இடர் வேறு வகையானது. 1994 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், பழைய குறைந்த வாடகையில் நடந்துவந்த கடைகளுக்கு இருபது ஆண்டுத் தவணை அளித்தது. 2014 இறுதியில் அத்தவணை முடிந்ததும் வாடகை பன்மடங்கு உயர, பார்சலோனாவின் பழங்கடைகள் பல மூடப்பட்டன. பழமை வாய்ந்த கடைகளுக்கு நகராட்சி ஒரு பட்டியல் வகுத்து, அவற்றின் முகப்பையும் மர வேலைப்பாட்டையும் காத்து வருகின்றது. ஆனால் உள்ளே நடக்கும் தொழிலும், வந்துபோகும் அண்டை வீட்டாரும் மர வேலைப்பாட்டைப் போல் பட்டியலிற் காக்கத்தக்கவை அல்ல.

1992 ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின் அந்நகரை நாடும் பயணிகளின் தொகை பெருகிக்கொண்டே வந்தது. வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறின. வட்டாரத்தில் வாழ்ந்தோர் வாடகை கொடுக்க இயலாமல் புறநகருக்குப் பெயர்ந்தனர். 2024 ஜூனில் மேயர் ஜவுமே கொல்போனி, நகரில் உரிமம் பெற்ற 10,101 பயணியர் வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே குடியிருப்போர் திரண்டு பேரணி நடத்தினர். சிலர் உணவுக்கடைகளில் அமர்ந்திருந்த பயணிகள்மீது விளையாட்டுத் துப்பாக்கியால் நீரைப் பீய்ச்சிய செய்தி உலகெங்கும் பரவியது.

பயணிகள் தீயோர் அல்லர். வெர்முத்தின் புகழைக் கேட்டே பலர் வருகின்றனர். கடைக்காரருக்கு அவர்களால் வருவாயும் உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பயணி மாலை ஆறு மணிக்கும் வெர்முத் கேட்பார், தனியே அருந்துவார், நிழற்படம் எடுத்துக்கொண்டு போவார், அடுத்த ஞாயிறு அவர் வேறு நாட்டில் இருப்பார். அவர் அருந்துவது அதே மது; குவளையும் அதுவே. ஆனால் வேளை அங்கில்லை; பக்கத்து வீட்டார் இல்லை; பணியாரப் பொதி இல்லை; வேலி நான்கும் இல்லை. இரண்டு படி ஏறிய சொல் ஒரு படி இறங்கி, மீண்டும் புட்டியின் பெயராக மட்டும் நின்றுவிடும்.

ஆகுபெயருக்கு இரண்டு வேண்டும் என்பது இலக்கணம் கற்றார் அறிந்ததே. பெயருக்கும் புதுப்பொருளுக்கும் இடையே தொடர்பு வேண்டும். அத்தொடர்பு தொன்றுதொட்டு வழங்கி வருதல் வேண்டும். தொடர்பை ஒருவரே கற்பிக்கலாம். வழங்கி வருதலுக்கோ, ஓரிடத்தில் தலைமுறைதோறும் வாழ்ந்து, ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆளும் மக்கள் வேண்டும். செடியைத் தோட்டத்தில் வளர்த்துவிடலாம். மதுவை ஆலையில் ஆக்கிவிடலாம். வேளையை ஆக்குவதற்கு அண்டை வீட்டார் வேண்டும்.

அந்த அண்டை வீட்டார் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கிராசியாவின் சிறு தெருக்களிலும் போப்ளே செக்கின் சரிவுகளிலும் ஞாயிறு நண்பகலில் கடை வாயிற்படியில் நின்று, குவளையை ஒரு கையிலும் பிள்ளையின் விரலை மறு கையிலும் பிடித்தபடி உரையாடும் மக்களை இன்றும் காணலாம். சோடாப்புட்டி சீறும் ஒலி கேட்டுப் பிள்ளை நகைக்கும். இரண்டு மணி நெருங்கியதும் வீட்டில் அடுப்பு காத்திருக்கின்றது என்று யாரேனும் நினைவூட்டுவர், குவளைகள் கீழே வைக்கப்படும், தெரு வெறிச்சோடும். வெர்முத் செய்து முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.